பிரீடன் மலைச் சர்ச்சில் ஆங்கிலோ-சாக்சன் சிற்பங்கள்: எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது?

டெர்பி சுந்தர்:

லெஸ்டர்ஷயரில் பிரீடன் ஆன் த ஹில் கிராமத்துச் சர்ச்சைப் பார்த்தவர்கள் இங்கே யாராவது உண்டா? ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் விமான நிலையத்துக்குப் பக்கம்தான். மலை உச்சியில் ஒற்றையாக நிற்கும், வெகு தூரத்திலிருந்தே தெரியும். போன வாரக் கடைசியில் குடும்பத்தோடு போய் வந்தோம்.

இங்கிலாந்திலேயே முக்கியமான சாக்சன் (1066இல் நார்மன்கள் வருவதற்கு முந்தைய காலத்து) சிற்பத் தொகுதி என்று படித்துவிட்டுத்தான் போனேன். உள்ளே போனால் சுவரில் இங்கே ஒரு துண்டு, அங்கே ஒரு துண்டு. வளைவுகளுக்கு மேலே சில, பலிபீடத்துக்குப் பின்னால் சில. எல்லாம் ஒரு சாண் உயரப் பட்டைகள். பாதி இருட்டில் இருக்கின்றன, மீதி கழுத்தை ஒடித்துப் பார்க்கும் உயரத்தில். எது எதோடு சேரும் என்று ஒன்றும் பிடிபடவில்லை. பிள்ளைகள் அங்கே இருந்த ஒரு கல்லறையின் எலும்புக்கூடு சிற்பத்தைப் பார்த்துவிட்டு அதை விட்டு நகரவே இல்லை.

இரண்டு கேள்வி. ஒன்று, நான் எதைப் பார்த்திருக்க வேண்டும்? இரண்டு, 1200 வருடத்துக் கற்களை இப்படிக் கிராமத்துச் சுவரில் விட்டு வைப்பானேன்? ஒரு நல்ல அருங்காட்சியகத்தில் விளக்குப் போட்டு வரிசையாக வைத்தால் நாலு பேர் பார்ப்பார்களே.

கற்பாசி:

சுந்தர், துண்டு துண்டாகத் தெரிகிறது என்கிறீர்கள். துண்டுகள்தான். அவை எந்தக் கட்டடத்துக்காகச் செதுக்கப்பட்டனவோ அந்தக் கட்டடமே இன்று இல்லை.

அந்த மலை மேல் முதலில் இருந்தது இரும்புக் காலக் கோட்டை. அதன் மண் அரணில் ஒரு பகுதி இன்னும் மிச்சம் இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நடு இங்கிலாந்தில் மெர்சியா அரசு வலுத்து வந்த காலத்தில், பீட்டர்பரோ மடத்தின் கிளையாக இங்கே ஒரு மடம் எழுந்தது. சின்ன இடம் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே குருவாக இருந்த டாட்வின் என்பவர் 731இல் கேன்டர்பரி பேராயர் ஆனார். இதை அதே காலத்துத் துறவி, வரலாற்றாசிரியர் பீட் தம் வரலாற்றில் குறித்திருக்கிறார். டாட்வின் லத்தீனில் ஓர் இலக்கண நூலும் 40 விடுகதைகளும் எழுதியவர். மணி, அணில் எல்லாம் அந்த விடுகதைகளில் வரும். ஆக, படிப்பும் பணமும் தொடர்பும் உள்ள மடம்.

நீங்கள் பார்த்த சிற்பங்கள் அதற்கு அடுத்த தலைமுறைகளைச் சேர்ந்தவை, ஏறத்தாழ கி.பி. 800ஐ ஒட்டி. மெர்சியாவின் ஆஃபா மன்னர் (757–796) ஆட்சியும் அதற்குப் பிந்தைய சில பத்தாண்டுகளும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வைக்கிங்குகள், டென்மார்க் பக்கமிருந்து கடல் வழியாக வந்த கொள்ளையர்கள். 873–74 குளிர்காலத்தில் அவர்களுடைய பெரும்படை சில மைல் தள்ளி ரெப்டனில் கூடாரம் போட்டுத் தங்கியது. பக்கத்து மலை மேலேயே வசதியான ஒரு மடம் இருந்தால் என்ன ஆகியிருக்கும்? பழைய மடத்தின் முடிவு அந்தக் காலத்தில்தான் என்று பொதுவாகக் கருதுகிறார்கள்.

12ஆம் நூற்றாண்டில் அகஸ்டின் சபைத் துறவிகள் வந்து புதிதாகக் கட்டினார்கள். இன்று நிற்கும் கட்டடம் பெரும்பாலும் 13ஆம் நூற்றாண்டு. 1530களில் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது இதுவும் போனது. ஷர்லி என்ற நிலப்பிரபுக் குடும்பம் தங்கள் கல்லறைக்காக இதை வாங்கிக்கொண்டது. உங்கள் பிள்ளைகள் பார்த்த எலும்புக்கூடு அவர்களுடையதுதான், 1598ஆம் வருடத்து நினைவுச் சின்னம். மேலே குடும்பம் மண்டியிட்டுச் ஜெபிக்கிறது, அடியில் எலும்புக்கூடு படுத்திருக்கிறது. பக்கத்தில் பெட்டி மாதிரி மரத்தால் அடைத்த ஓர் இருக்கை இருந்ததே, அதுவும் அவர்களுடையது. 1627 என்று தேதி போட்டிருக்கும். ஊர் ஜனங்கள் கண்ணில் படாமல் உட்கார்ந்து பிரசங்கம் கேட்க.

கோபுரத்துக்கு மேற்கே இருந்த பகுதி அழிந்து, கிழக்குப் பகுதி மட்டும் தங்கிவிட்டது. இத்தனை இடிப்பு, கட்டுமானத்துக்கு நடுவே பழைய சிற்பப் பட்டைகளை யாரோ தூக்கிப் போட மனசில்லாமல் சுவரில் திரும்பத் திரும்பப் பதித்திருக்கிறார்கள். அதனால்தான் அந்த ஒழுங்கின்மை.

மீனா, லஃபரோ:

கற்பாசி சொன்னதில் ஒன்றுமே பார்க்கும் முறை பற்றி இல்லை :) நான் அங்கே அடிக்கடி போகிறவள், என் பங்கு இது.

தம்பி, முதலில் டார்ச். நேராக அடிக்கக் கூடாது, கல்லுக்குப் பக்கவாட்டில், சுவரை ஒட்டினாற்போல அடிக்க வேண்டும். நேராக அடித்தால் எல்லாம் தட்டையாகிவிடும். பக்கவாட்டில் அடித்தால் ஒவ்வொரு இலைக்கும் நிழல் விழுந்து அப்படியே எழும்பி வரும். இந்தச் சிற்பிகள் மேலோட்டமாகக் கீறியவர்கள் இல்லை, கல்லுக்குள் ஆழமாகப் போய் உருவத்தின் அடிப்பாகத்தையும் குடைந்து எடுத்தவர்கள். துளைப்பான் வைத்துப் போட்ட குழிகள் பல இடத்தில் தெரியும், மிருகங்களின் கண்ணைப் பாருங்கள். இரண்டாவது பைனாகுலர். சின்னது போதும்.

அப்புறம், ஒரே மூச்சில் எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். பட்டைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று குறுகலானது, 18 செ.மீ. அளவு. அதில்தான் கொடிக்கருக்கு அதிகம். திராட்சைக் கொடி சுருண்டு சுருண்டு போகும், ஒவ்வொரு சுருளுக்குள்ளும் இலையோ பழக்கொத்தோ ஒரு ஜீவனோ இருக்கும். ஒரு இடத்தில் ஈட்டியோடு குதிரை வீரர்கள் வருவார்கள், குதிரை நம் உள்ளங்கை அளவுதான், ஆனால் ஓடுகிறது. கொடியே இல்லாமல் வெறும் கணக்குக் கோலமாக, சதுரத் திருப்பங்களாக ஓடும் துண்டுகளும் எக்காள வாய் மாதிரி விரியும் சுருள்களும் உண்டு. இன்னொன்று அகலப் பட்டை. அதில் பறவைகளும் நாலுகால் பிராணிகளும். மார்பு புடைத்து, கால் குச்சியாக, கழுத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும். சிரிப்பு வரும்.

தெற்குப் பக்க நடையின் கிழக்குக் கோடியில் உருவப் பலகைகள் இருக்கின்றன. வளைவுக்குள் அரை உருவமாக முக்காடு போட்ட ஒரு பெண், ஒரு கையில் புத்தகம், மற்றொரு கை ஆசி கூறுகிறது. பொதுவாக மரியாள் என்கிறார்கள். புத்தகத்தை வெறும் கையால் தொடாமல் துணியோடு சேர்த்துப் பிடித்திருக்கும் விதத்தைக் கவனியுங்கள். எனக்கு அந்தச் சர்ச்சிலேயே மிகவும் பிடித்தது அதுதான். தேவதூதனைவிடவும்.

டெர்பி சுந்தர்:

நன்றி அக்கா. தேவதூதன் எங்கே? கீழே ஒன்று பார்த்தேன், அதுவா?

மீனா, லஃபரோ:

கீழே இருப்பது நகல். அசல் கோபுரத்துக்குள், மணி அடிப்பவர்கள் நின்று கயிறு இழுக்கும் அறையில் இருக்கிறது. முன்கூட்டியே கேட்டு வைத்தால் யாராவது அழைத்துப் போய்க் காட்டுவார்கள். ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான உயரம். வளைவுச் சட்டத்துக்குள் நிற்கிறார், ஆனால் பாதமும் சிறகும் சட்டத்தைத் தாண்டி வருகின்றன, அறைக்குள் காலடி எடுத்து வைக்கிற மாதிரி. மரியாளுக்குச் செய்தி சொல்ல வந்த கபிரியேல் என்பது பலருடைய கருத்து.

யாழ்மகன்:

அந்தத் தேவதூதனின்ர கையை வடிவாப் பார்த்தனீங்களோ? ஆசி கூறுற விரல் அமைப்பு கிழக்குத் திருச்சபை முறை, பைசாந்திய முறை. படத்திலதான் கண்டனான், நேரில இன்னும் போகேல்லை. அந்தக் காலத்தில லெஸ்டர்ஷயர்க் காட்டுக்குள்ள இருந்தவைக்கு கொன்ஸ்தாந்திநோப்பிள் பாணி எப்பிடித் தெரிஞ்சது? யாராவது விளங்கப்படுத்துங்கோ.

கற்பாசி:

நல்ல கேள்வி யாழ்மகன். காடு என்று சொல்வதைத்தான் கொஞ்சம் மாற்ற வேண்டும்.

கேன்டர்பரியில் 669 முதல் 690 வரை பேராயராக இருந்த தியடோர் எந்த ஊர்க்காரர் தெரியுமா? தார்சு, இன்றைய துருக்கி. அவரோடு வந்து பள்ளி நடத்திய ஹேட்ரியன் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர். கிரேக்கமும் லத்தீனும் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு நூற்றாண்டு கழித்து ஆஃபா மன்னர் அடித்த ஒரு தங்க நாணயம் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அப்பாசியக் கலீபாவின் தினாரைப் பார்த்து அப்படியே நகலெடுத்தது. அரபு எழுத்து, ஹிஜ்ரி 157 என்ற வருடம், நடுவில் லத்தீனில் 'ஆஃபா அரசன்' என்று. அரபு எழுத்துக்கு அது தலைகீழாக இருக்கிறது, வெட்டிய ஆளுக்கு அரபு தெரியாது என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது. ஆனால் பாக்தாத் பணம் மெர்சியா வரை கண்ணில் பட்டிருக்கிறது.

சிற்பத்துக்கு அதைவிட முக்கியம் கையில் எடுத்துப் போகக்கூடிய பொருள்கள். பட்டுத் துணி, தந்தப் பலகை, ஓவியம் தீட்டிய சுவடி. ரோமுக்குப் போய்த் திரும்பும் துறவிகள் இவற்றைக் கொண்டு வந்தார்கள். புனிதரின் எலும்பைப் பட்டில் சுற்றி வைப்பது வழக்கம். பட்டில் இருந்த பறவையும் மிருகமும் சிற்பியின் கண் முன்னால் இருந்திருக்கும். பிரீடன் பிராணிகளின் அந்த விசித்திர நடைக்கு எகிப்து, சிரியா பக்கத்து நெசவையும் தந்தத்தையும் காரணமாகக் காட்டும் ஆய்வாளர்கள் உண்டு. நேரடியாக எந்தத் துணி என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. ஆனால் அந்தத் திசை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

டெர்பி சுந்தர்:

எல்லாம் சரி, என் இரண்டாவது கேள்விக்கு யாருமே பதில் சொல்லவில்லை. இவ்வளவு பெருமை உள்ள கல்லை மணிக் கயிறு தொங்கும் அறையில் வைத்திருக்கிறார்கள் என்றால் அது நியாயமா? அருங்காட்சியகத்தில் இருக்க வேண்டியது.

பழுவூரான்:

சுந்தருக்கு என் ஓட்டு. யார்க்ஷயரில் ஈஸ்பி என்ற ஊர்ச் சர்ச்சில் இதே காலத்துச் சிலுவைத் தூண் ஒன்று உடைந்து சுவருக்குள் கல்லோடு கல்லாகக் கிடந்தது. துண்டுகளை எடுத்து, இப்போது லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அப்போஸ்தலர்கள் முகம் ஒவ்வொன்றும் பளிச்சென்று தெரிகிறது. ஈஸ்பிக்குப் போனால் நகல் இருக்கிறது, ஊர்க்காரர்களுக்கும் குறையில்லை. கம்பிரியாவில் பியூகாசில் சிலுவை? மயானத்தில் வெட்டவெளியில் 1300 வருடமாக மழையில் நிற்கிறது. அதில் உள்ள ரூன் (பழைய ஜெர்மானிய) எழுத்தில் பாதியை இன்று படிக்கவே முடியவில்லை. தலைப்பகுதி போய் 400 வருடம் ஆகிறது. அதை உள்ளே கொண்டு வரக் கூடாது என்று சொல்பவர்கள் கல்லை நேசிப்பவர்களா, காட்சியை நேசிப்பவர்களா?

கற்பாசி:

பியூகாசில் விஷயத்தில் பழுவூரான் சொல்வதை நான் மறுக்க மாட்டேன். மழையில் நிற்கும் கல் வேறு, கூரைக்குள் இருக்கும் கல் வேறு. பிரீடன் கூரைக்குள் இருக்கிறது.

சுந்தர், நீங்கள் டெர்பிக்காரர். உங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் புனித அல்க்மண்டின் கல் சவப்பெட்டி இருக்கிறதே, பார்த்திருப்பீர்கள். சுற்றிலும் பின்னல் வேலை, மெர்சியாவின் உயர்ந்த கைவேலை. அது எப்படி அங்கே வந்தது? 1960களில் வட்டச் சாலை போடுவதற்காக அல்க்மண்ட் சர்ச்சை இடித்தார்கள். 1968இல் தரையைத் தோண்டும்போது கிடைத்தது. சர்ச் இருந்த இடத்தில் இன்று கார் ஓடுகிறது. அந்தப் பெட்டி விளக்கு வெளிச்சத்தில் நன்றாகத்தான் தெரிகிறது, ஆனால் எதைச் சுற்றி அது இருந்தது என்று கேட்டால் காட்ட ஒன்றுமில்லை. இடம் போனால்தான் கல் அருங்காட்சியகத்துக்கு வரும், அது மரணத்துக்குப் பிந்தைய ஏற்பாடு. இடம் உயிரோடு இருக்கும்போது கல்லை ஏன் பிரிக்க வேண்டும்?

பிரீடனில் அந்தப் பட்டைகள் 1200 வருடமாக அதே மலையை விட்டுப் போகவில்லை. அதுவும் ஒரு தகவல். ஒரு பட்டையை 13ஆம் நூற்றாண்டுச் சுவரோடு சேர்த்துப் பார்க்கும்போது, அகஸ்டின் துறவிகள் காலத்துக்குப் பிறகும் இதைக் காப்பாற்ற யாரோ நினைத்திருக்கிறார்கள் என்பது தெரிகிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் அது மறைந்துவிடும்.

டெர்பி சுந்தர்:

அல்க்மண்ட் பெட்டியை வைத்து என் வாயை அடைத்துவிட்டீர்கள் :) ஆனாலும் அந்த மலையே உயிரோடு இருக்கிறது என்று சொல்ல முடியுமா? சர்ச்சுக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள், மலையில் பெரும்பகுதியைக் கல்குவாரி தின்றுவிட்டது. கல்லறைகளுக்கு அந்தப் பக்கம் சடாரென்று பள்ளம்.

மீனா, லஃபரோ:

அது உண்மை. சுண்ணாம்புக் கல் மலை அது, நெடுங்காலமாக வெட்டுகிறார்கள். சர்ச்சுக்குக் கிழக்கே மலை இல்லை, காற்றுதான். இரும்புக் காலக் கோட்டையிலும் ஒரு பகுதி அதோடு போய்விட்டது. பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு போங்கள். வேலி இருக்கிறது, ஆனாலும்.

கல்லைச் செதுக்கிக் கல்லைக் காப்பாற்றிய மலையில் கல்லை லாரி லாரியாக ஏற்றிப் போகிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால் கோபம் வரும், என் வீட்டுக்காரர் அங்கே வேலை செய்யும் ஆட்களும் சாப்பிட வேண்டாமா என்பார்.

நிறம் பற்றி யாரும் சொல்லவில்லையே. லிச்ஃபீல்ட் பேராலயத்தில் 2003இல் தரைக்கடியில் ஒரு தேவதூதன் கிடைத்தது. மூன்று துண்டாக உடைந்திருந்தது. பிரீடன் தேவதூதனுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் மாதிரி அதே மெர்சியக் கை. அதில் சிவப்பு, மஞ்சள், வெள்ளை வண்ணம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. புனித சாட் என்பவரின் எலும்புப் பேழையின் ஒரு பக்கம் என்று கருதுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டுப் பிரீடனுக்குப் போனால், நாம் சாம்பல் நிறம் என்று பழகிவிட்ட இந்தப் பட்டைகளையும் வண்ணத்தோடு நினைத்துப் பார்க்கத் தோன்றும். பச்சைக் கொடி, சிவப்புப் பழம். உங்கள் பிள்ளைகளிடம் பென்சிலும் தாளும் கொடுத்து வரைந்து வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். சும்மா நிற்கச் சொன்னால் எந்தப் பிள்ளை நிற்கும்?

பழுவூரான்:

அக்கா, அந்த லிச்ஃபீல்ட் தேவதூதனுக்கு வண்ணம் தங்கியதே அது மண்ணுக்குள் புதைந்திருந்ததால்தான். வெளியே சுவரில் இருந்திருந்தால் போயிருக்கும். என் கட்சிக்கு இதுவும் ஒரு சாட்சி.

மீனா, லஃபரோ:

அப்படியென்றால் எல்லாவற்றையும் புதைத்துவிடலாமா தம்பி?

ஆற்றோரம்:

இழையை இன்றுதான் பார்த்தேன். டெர்பியிலிருந்து போகிறவர்கள் வெர்க்ஸ்வொர்த்தை விட்டுவிடாதீர்கள். அங்கே புனித மரியாள் சர்ச்சின் வடக்குச் சுவரில் ஒரு பலகை இருக்கிறது. 1820இல் பலிபீடத்துக்கு முன்னால் தரையைத் தோண்டியபோது முகம் கீழே பார்க்கக் கவிழ்ந்த நிலையில் கிடைத்தது. புரட்டினால் சிற்பம். அதற்கடியில் கல்லறை, அதற்குள் முழு எலும்புக்கூடு.

சுமார் ஐந்து அடி நீளம், ஒரு முனை உடைந்திருக்கிறது. இரண்டு வரிசையாக நெருக்கியடித்துக்கொண்டு நாற்பது பேர் வரை இருப்பார்கள். பிரீடன் கை நளினம் என்றால் இது வேறு கை. எல்லாருக்கும் பெரிய தலை, முழிக்கும் கண், குட்டை உடம்பு. இயேசு சீடர்களின் பாதம் கழுவுகிறார், விண்ணுக்கு ஏறுகிறார், கபிரியேல் வருகிறார். எனக்கு ஆச்சரியம் சிலுவைக் காட்சிதான். சிலுவையில் மனித உருவம் இல்லை, ஆட்டுக்குட்டி இருக்கிறது. கிறிஸ்துவை ஆட்டுக்குட்டியாகக் காட்டாமல் மனித உருவில்தான் காட்ட வேண்டும் என்று 692இல் கிழக்குத் திருச்சபையின் சங்கம் ஒன்று தீர்மானம் போட்டது. அதை வைத்து இந்தப் பலகை அதற்கு முந்தியது என்று சிலர் வாதிக்கிறார்கள். டெர்பிஷயர்ச் சிற்பி அந்தத் தீர்மானத்தைக் கேள்விப்பட்டிருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? நான் 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி அல்லது 9ஆம் நூற்றாண்டின் தொடக்கம் என்பவர்கள் பக்கம்.

அதே சர்ச்சில் இன்னொரு சுவரில் சின்னதாக ஒரு ஆள் நிற்பார். ஒரு கையில் பிக்காசு, மறு கையில் கூடை. ஈயச் சுரங்கத் தொழிலாளி. அந்த வட்டாரத்தில் ரோமானியர் காலம் தொட்டு ஈயம் எடுத்தார்கள். ஊர்க்காரர்கள் செல்லமாகக் கிழவன் என்று கூப்பிடுகிறார்கள். பக்கத்து ஊர் பான்சல் சர்ச்சிலிருந்து வந்தவர். மன்னன் இல்லை, புனிதர் இல்லை, வேலைக்குப் போகிற மனுஷன்.

கற்பாசி:

கிழவனைச் சாக்சன் என்று தகவல் பலகையில் எழுதியிருந்தாலும் நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன், ஆற்றோரம். சுரங்க உடுப்பை வைத்து வயது சொல்வது கஷ்டம். இங்கே பொதுவாகவே ஒரு பழக்கம் உண்டு, தேய்ந்து போய் வேடிக்கையாக இருந்தால் சாக்சன் என்று எழுதிவிடுவார்கள்.

புதிதாகப் போகிறவர்களுக்கு ஒரு தோராயமான அடையாளம் சொல்கிறேன். வாசல் வளைவில் கோணல் மாணலாக ஓடும் பல்வரிசைக் கோலம், அலகால் வளைவைக் கவ்வும் பறவைத் தலைகள் இருந்தால் அது நார்மன், அதாவது 12ஆம் நூற்றாண்டு. ஹெரிஃபோர்ட்ஷயரில் கில்பெக் போனீர்களானால் கூரைக்கடியில் முயலும் நாயும் வித்தை காட்டும் ஆட்களுமாக 80க்கு மேல் தலைகள் இருக்கும், அற்புதம், ஆனால் அது சுமார் 1140. சாக்சன் கட்டடம் என்றால் சுவர் மெல்லியதாக, உயரமாக, வாசல் குறுகலாக இருக்கும். கட்டட மூலைகளில் ஒரு கல் நிமிர்ந்து, அடுத்தது படுத்து என்று மாறி மாறி வரும். சில இடங்களில் சன்னலுக்கு வளைவுக்குப் பதில் இரண்டு கல்லைச் சாய்த்து முக்கோணமாக வைத்திருப்பார்கள், குளோஸ்டர்ஷயரில் டீயர்ஹர்ஸ்டில் இருக்கிற மாதிரி. சிற்பம் என்றால் பின்னல், சுருள், கொடிக்கருக்கு. இதற்கெல்லாம் விதிவிலக்கு உண்டு, என்னைப் பிடித்துக்கொள்ளாதீர்கள்.

யாழ்மகன்:

உறுதியாத் தேதி தெரிஞ்ச சாக்சன் கல் ஏதாவது இருக்கோ?

ஆற்றோரம்:

இருக்கிறது, அதுவும் தானே பேசும் கல். வடக்கு யார்க்ஷயரில் கர்க்பிமூர்சைடுக்குப் பக்கம் கர்க்டேல் என்ற இடம். ஓடைக்கரையில் சின்னச் சர்ச், புனித கிரெகரி பெயரில். தெற்கு வாசலுக்கு மேல் நீளமான ஒரு சூரியக் கடிகாரக் கல். இரண்டு பக்கமும் பழைய ஆங்கிலத்தில் எழுத்து. கமால் மகன் ஓர்ம் இந்தச் சர்ச்சை வாங்கியபோது முழுக்க உடைந்து விழுந்து கிடந்தது, கிறிஸ்துவுக்காகவும் புனித கிரெகரிக்காகவும் அடித்தளத்திலிருந்து புதிதாகக் கட்டினார், எட்வர்ட் அரசர் நாளில், டாஸ்டிக் பிரபு நாளில் என்று. டாஸ்டிக் நார்தம்பிரியாவில் பதவியில் இருந்தது 1055 முதல் 1065 வரை. அந்தப் பத்து வருடத்துக்குள் அடைத்துவிடலாம். செய்தவர் ஹாவர்த், கூட பிராண்ட் என்ற குரு என்று கையெழுத்தும் உண்டு. ஓர்ம், கமால் எல்லாம் டேனியப் பெயர்கள். வந்து கொள்ளையடித்தவர்களின் பேரப்பிள்ளைகள் சர்ச் கட்டுகிறார்கள்.

பிற்காலத்தில் வாசலுக்கு முன் ஒரு முகப்பு மண்டபம் கட்டிவிட்டார்கள். அதனால் எழுத்து மழையிலிருந்து தப்பியது, கடிகாரத்துக்கு வெயில் கிடையாது. பழுவூரானும் கற்பாசியும் அங்கே போய்ச் சண்டையைத் தீர்த்துக்கொள்ளலாம்.

பழுவூரான்:

முகப்பு மண்டபம் கட்டியவனுக்கு என் வணக்கம். பியூகாசிலுக்கும் அவனை அனுப்புங்கள்.

டெர்பி சுந்தர்:

அடுத்த மாதம் ஊரிலிருந்து மாமா வருகிறார், சரித்திர வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே நாளில் பிரீடனையும் ரெப்டனையும் முடிக்கலாமா? ரெப்டனில் சிற்பம் உண்டா?

கற்பாசி:

தாராளமாக. ரெப்டன் புனித விஸ்டன் சர்ச்சின் பலிபீடத்துக்கடியில் நிலவறை இருக்கிறது. மெர்சிய மன்னர்களைப் புதைத்த இடம். நாலு தூண், அவற்றின் மேல் சுருளாகக் கயிறு சுற்றிய மாதிரி வேலைப்பாடு. நிலவறை இருந்ததையே ஊர் மறந்து போயிருந்தது. 1779இல் ஒரு கல்லறைக்குக் குழி தோண்டியவர் உள்ளே விழுந்துதான் தெரிய வந்தது. படிகள் தேய்ந்து வழுக்கும், மாமாவைக் கைபிடித்து இறக்குங்கள். 1970கள், 80களில் சர்ச்சைச் சுற்றி அகழ்ந்தபோது வைக்கிங் படையின் அகழி வெளிப்பட்டது. பக்கத்து மேட்டில் 264 பேரின் எலும்புகளாவது குவியலாக இருந்தன. அங்கே கிடைத்த குதிரை வீரன் சிற்பம், மெர்சிய மன்னர் ஏதெல்பால்டாக இருக்கலாம் என்கிறார்கள், அது உங்கள் டெர்பி அருங்காட்சியகத்தில். மாமாவை அங்கிருந்தே தொடங்கச் சொல்லுங்கள். பழுவூரானும் சந்தோஷப்படுவார்.

மீனா, லஃபரோ:

தம்பி, ஞாயிறு காலை வேண்டாம், ஆராதனை நேரத்தில் டார்ச் அடித்துக்கொண்டு நிற்பது சங்கடம். கல்யாணம், அடக்கம் என்று திடீரென மூடியும் இருக்கும், கிளம்பும் முன் கேட்டுவிடுங்கள். தேவதூதனைப் பார்க்க வேண்டுமென்றால் அதையும் அப்போதே சொல்லி வையுங்கள், கோபுரப் படி குறுகல், மாமாவுக்கு முட்டி எப்படி? கார் மலை மேல் வரைக்கும் போகும், அங்கேயே நிறுத்தலாம். வெயில் காலத்திலும் மேலே காற்று பிய்த்துக்கொண்டு போகும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். கூரை ஒழுகாமல் பார்த்துக்கொள்வதே அந்தச் சின்ன ஊருக்குப் பெரிய செலவு, உண்டியலில் ஏதாவது போட்டுவிட்டு வாருங்கள்.

யாழ்மகன்:

சுந்தர் அண்ணா, காரில ஒரு இடம் இருக்குமோ? நான் நாட்டிங்ஹமில இருந்து டெர்பிக்கு ரயிலில வந்துடுவன். நல்ல டார்ச் ஒண்டு என்னட்ட இருக்கு.

டெர்பி சுந்தர்:

வாங்க தம்பி, இடம் இருக்கிறது. பிள்ளைகள் எலும்புக்கூட்டைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்கிறார்கள், அதனால் பின் சீட்டில் கொஞ்சம் நெருக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். தேதி முடிவானதும் தனிமடல் அனுப்புகிறேன்.